நவம்பர் மாதத்து மெய்க்கீர்த்தி

மன்னர்கள் கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டிய காலம் போய்விட்டதே என்று வருந்துவோர் உண்டு. அவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் நவம்பர், டிசம்பர் மாத ஆட்ட அட்டவணையைக் கண்ணுற்றதில்லை. கண்டிருந்தால், வென்ற நாடுகளை வரிசையாக அடுக்கிவிட்டுத் தோற்ற இடங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போன நம் அரசவைப் புலவர்கள் எவ்வளவு கற்றுக்குட்டிகள் என்று விளங்கியிருக்கும். பாவம், அந்தப் புலவன் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டவணை வகுக்கும் பெருந்தகைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பந்தை மேலே எறிவதற்குப் பல மாதங்கள் முன்பே வெற்றியை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான எனக்கு இதில் ஒரு தனிப் பரவசம். மாலையை முதலில் தான் சூடி அழகு பார்த்துவிட்டுப் பிறகு கொடுத்தனுப்பியவளின் ஊர் இது. அந்த வரிசைமுறையைக் கடல்கடந்த கனவான்கள் இத்தனை பக்தியோடு கைக்கொள்வார்கள் என்று கோதை நாச்சியாரே எண்ணியிருக்க மாட்டார்.

மாட்சிமை பொருந்திய அட்டவணைப் பெருந்தகையார் சில கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக எழுந்தருளியிருப்பார். சிலவற்றில் உதவிப் பயிற்சியாளராக, சிலவற்றில் விளையாட்டுத் துறை இயக்குநராக. பீடம் எதுவானாலும் கலை ஒன்றே. அந்த நாட்டில் முதல் டிவிஷனில் ஆடும் கல்லூரி அணிகள் 360-க்கு மேல். அவை முப்பதுக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஜனவரி பிறந்துவிட்டால் பெரும்பாலும் சொந்த கான்ஃபரன்ஸுக்குள்தான் ஆட்டம். அங்கே யாரோடு மோத விருப்பம் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஆண்டு முடியும்வரை ஏறத்தாழ ஒரு டஜன் ஆட்டங்களுக்கு எதிரியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். குருக்ஷேத்திரத்தில் பார்த்தசாரதிக்கே கிடைக்காத சலுகை. "பீஷ்மரும் கர்ணனும் வேண்டாம், விராட தேசத்து மாட்டுக்காரப் பையன்கள் பத்துப் பேர் போதும், அவர்களையும் எங்கள் வாசலுக்கே அனுப்பி வையுங்கள்" என்று சொல்ல முடிந்திருந்தால் பதினெட்டு நாள் எதற்கு? கீதைதான் எதற்கு?

இந்த விளையாட்டை உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் பழக்கூடை இரண்டை உயரே மாட்டத் தெரிந்த மனிதருக்கு, அட்டவணை போடத் தெரியவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளராக இருந்து அவர் வென்றது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் நெடிய சரித்திரத்தில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். கிடைத்தவரோடெல்லாம் ஆடினால் இப்படித்தான் ஆகும்.

பின்வந்தவர்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை. கென்டக்கி, டியூக் போன்ற பெரிய வீட்டார் கையாளும் முறை அரச குலத்துக்கே உரியது. எளிய அணி ஒன்றை ஓலை அனுப்பி அழைப்பார்கள். போகவர ஒரு முறை. பதிலுக்கு அவர்கள் ஊருக்கு இவர்கள் போவதென்ற பேச்சே கிடையாது. வந்தவருக்கு ஒரு மாலைப்பொழுதுக்குச் சம்பாவனையாகத் தொண்ணூறாயிரம் டாலர்கூடத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். வந்தவர் தோற்றுப் போக வேண்டும் என்று பத்திரத்தில் எங்கும் எழுதியிருக்காது. மரியாதைப்பட்டவர்களுக்குள் அதையெல்லாமா எழுதுவார்கள்? இந்த வள்ளன்மையின் பயனாக, டியூக் தன் சொந்த அரங்கில், கான்ஃபரன்ஸுக்கு வெளியே இருந்து வந்த அணிகளை, தொடர்ச்சியாக 150 முறை வென்றது. 2000-இல் தொடங்கி 2019 வரை. இந்த நாட்களில் ஒரு சாம்ராஜ்யம்கூட அவ்வளவு காலம் தாங்குவதில்லை.

அந்தப் பொற்காலம் முடிந்த விதத்தை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 2019 நவம்பர் 26 அன்று டெக்சாஸிலிருந்து ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் என்ற அணி, 85,000 டாலர் சம்பாவனைக்கு வந்தது. வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா? கூடுதல் நேரத்தின் கடைசி விநாடியில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, பஹாமாஸ் தீவுப் பையன் நேதன் பெய்ன் கூடையில் போட, 85-க்கு 83. அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்ததோ இதைவிடக் கொடுமை. நாட்டின் முதலிடத்தில் அமர்ந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகாத கென்டக்கியை, 90,000 டாலர், அன்றைய மதிப்பில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல், வாங்கிக்கொண்டு வந்த எவன்ஸ்வில் அணி 67-க்கு 64 என்று வீழ்த்தியது. அந்த அணியின் பயிற்சியாளர் வால்டர் மெக்கார்ட்டி, கென்டக்கியின் பழைய ஆட்டக்காரர். 1996-இல் அதே சட்டையைப் போட்டு தேசியப் பட்டம் வென்றவர். உண்ட வீட்டுக்கு இப்படியா? செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்பதற்குச் சாட்சியாக, எவன்ஸ்வில் அந்தப் பருவத்தின் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் பதினெட்டிலும் தோற்றது. அறக்கடவுள் அட்டவணைக்காரர் பக்கம் இருக்கிறார் என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகமே இல்லை.

நன்றி மறவாத நல்லோரும் இருக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் இட்டா பீனா என்று ஒரு சிற்றூர், ராஜபாளையத்தைப் போலவே பருத்தியால் பேர் வாங்கிய மண். அங்கே மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற கறுப்பின மாணவர்களுக்கான பழைய கல்லூரி. கஜானா எப்போதும் காலி. ஆகையால் அந்தப் பிள்ளைகள் நவம்பரில் பெட்டியைக் கட்டினால் பெரிய வீடு பெரிய வீடாகப் போய்த் தோற்றுக்கொடுத்து, சம்பாவனையைச் சேர்த்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தக் காசில் கல்லூரியின் மற்ற விளையாட்டுகளும் நடக்கும். 2011-12 பருவத்தில் முதல் 12 ஆட்டங்களில் 11 தோல்வி. என்ன உழைப்பு! என்ன தியாகம்! பிறகு தங்களுக்கு நிகரானவர்களுடன் சொந்த கான்ஃபரன்ஸில் ஆடியபோது 18-க்கு 17 வென்று, தேசியப் போட்டிக்கே தகுதி பெற்றார்கள் என்பது ஒரு சிறு முரண். ஆட்டம் தெரியாதவர்கள் அவ்வளவு தோற்றார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த உலகம் சற்றுக் குழம்பியது. அந்தத் தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தை டேட்டன் நகரில் ஒபாமாவும் பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் 16 புள்ளி முன்னிலையில் இருந்த மிசிசிப்பிப் பிள்ளைகள் ஒரு புள்ளியில் தோற்றார்கள். முன்னிலையில் இருந்து பழக்கமில்லாததுதான் காரணம் என்று சில கல்நெஞ்சர்கள் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரியவர்களுடைய கலை எளிது. பணம் இருந்தால் போதும். என் மனத்தைக் கொள்ளைகொண்டவர் நடுத்தட்டுக் கல்லூரியின் அட்டவணைக்காரர். மிட்-மேஜர் என்று அங்கே செல்லமாக அழைக்கப்படும் இந்தத் திரிசங்கு சொர்க்கவாசி செய்யும் வித்தையே வித்தை. நவம்பரில் இரண்டு மூன்று பெரிய வீடுகளுக்குத் தம் பிள்ளைகளை விற்பார். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து, தம்மைவிட எளிய அணிகளைத் தம் வீட்டுக்கு விலைக்கு வாங்குவார். அடிவாங்கிய கையாலேயே அடித்துக் கணக்கை நேர்செய்யும் இந்தச் சமத்துவத்தை எந்த தர்மசாஸ்திரமும் சொல்லித்தந்ததில்லை. கொஞ்சம் பேர் பெற்றுவிட்டவராயிருந்தால், "நாங்கள் உங்கள் ஊருக்கு இரண்டு முறை வருகிறோம், நீங்கள் எங்கள் ஊருக்கு ஒரு முறை வாருங்கள்" என்று பெரிய வீட்டாரோடு ஓர் ஏற்பாடு. அந்த ஒரு முறைக்கான வருடம் வரும்போது, பெரிய வீட்டார் ஒப்பந்தத்தில் முன்யோசனையாக எழுதிவைத்த முறிவுத் தொகையை வீசிவிட்டு வராமல் இருந்துவிடலாம். அதையும் நம்மவர் சிரித்த முகத்தோடு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வராத விருந்தாளியிடம் மொய் வாங்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்குமா?

அட்டவணையில் இன்னும் இரண்டு மூன்று இடம் காலியாக இருக்கும். அதற்கென்றே முதல் டிவிஷனைச் சேராத சின்னஞ்சிறு கல்லூரிகள் இருக்கின்றன. சிலவற்றில் நம்மூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் படிக்கும் அளவுக்குக்கூடப் பிள்ளைகள் இருக்காது. அவர்களை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அழைத்து, பாதி காலியான அரங்கில் அறுபது புள்ளி வித்தியாசத்தில் வென்று அனுப்பலாம். தரவரிசைக் கணக்கில் அந்த ஆட்டம் சேராது. அதனாலென்ன? வெற்றி எண்ணிக்கையில் ஒன்று ஏறிவிட்டதல்லவா? பருவத்துக்கு இருபது வெற்றி என்பது அங்கே பயிற்சியாளர்களின் ஷஷ்டியப்த பூர்த்தி. இருபதைத் தொட்டவரின் ஒப்பந்தம் நீளும், சம்பளம் ஏறும். யாரை வென்றீர்கள் என்று கேட்பது நாகரிகமல்ல.

காட்டுப்பன்றியை மடக்கும் எங்கள் ராஜபாளையத்து வெள்ளை நாய், 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய பெருமைக்குரிய ஜீவன். அதைக் கொண்டுபோய்க் கூண்டில் கிடக்கும் பிராய்லர் கோழிகளின் மேல் ஏவி, "பாருங்கள், ஒரு கீறல் இல்லாமல் இருபது உயிரை எடுத்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் எங்கள் ஊர்ப் பட்டிக்காட்டான்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும் ரெக்கார்டின் அருமை?

இந்தக் கலைக்கு ஏற்ற கணக்கு சாஸ்திரமும் அங்கே உண்டு. 1981-லிருந்து 2018 வரை ஆர்.பி.ஐ. என்றொரு அளவுகோல் அரசாண்டது. ஓர் அணியின் மதிப்பில் அது வென்றதற்குக் கால் பங்கு. அதன் எதிரிகள் வென்றதற்கு அரைப் பங்கு. எதிரிகளின் எதிரிகள் வென்றதற்கு மீதிக் கால். அதாவது நீங்கள் ஆடுவது உங்கள் பெருமையில் நான்கில் ஒன்று. ஆகவே ஊரையெல்லாம் வெல்லக்கூடிய, ஆனால் உங்களிடம் மட்டும் தோற்கக்கூடிய ஓர் எதிரியைக் கண்டுபிடிப்பதே ஞானத்தின் உச்சம். மாப்பிள்ளை பார்க்கும் தரகர்கள்கூட இவ்வளவு நுட்பமாக ஜாதகம் பார்த்ததில்லை.

2018-இல் அந்த ராஜ்யம் முடிந்து நெட் என்ற புது அளவுகோல் பட்டத்துக்கு வந்தது. அதோடு சேர்த்துப் பார்ப்பதற்காக வெற்றி தோல்விகளை நான்கு வருணமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சொந்த ஊரில் ஆடினால் எதிரி முதல் 30 இடத்துக்குள் இருக்க வேண்டும். பொதுக்களம் என்றால் 50. எதிரியின் ஊரில் என்றால் 75. அதுவே முதல் வருணத்து ஆட்டம். சொந்த ஊரில் 161-ஆம் இடத்திலோ அதற்குக் கீழோ உள்ளவரோடு ஆடினால் கடைசி வருணம். எப்படி ஆடினாய் என்பதைப் பொறுத்ததல்ல வருணம். யாருக்கு எதிராகப் பிறந்தது அந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு மனுவாதிகள் இதைக் கண்டால் ஆனந்தக் கண்ணீர் வடிப்பார்கள்.

இதில் பெரிய வீட்டார் போடும் கணக்கின் அழகைப் பாருங்கள். 90-ஆம் இடத்திலிருக்கும் கெட்டிக்கார மிட்-மேஜரை வீட்டுக்கு அழைத்தால் அது மூன்றாம் வருணம். 300-ஆம் இடத்திலிருக்கும் அப்பாவியை அழைத்தால் நான்காம் வருணம். இரண்டையும் வென்றால் பெரிதாக யாரும் பாடப்போவதில்லை. ஆனால் முதலாமவன் உங்களைத் தோற்கடித்துவிடக்கூடும். இரண்டுக்கும் கூலி ஏறத்தாழ ஒன்று என்றால் புத்திசாலி யாரை அழைப்பார்? ஆகவே நடுவிலிருக்கும் கெட்டிக்காரன் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. யாரும் அவனைக் கூப்பிடுவதுமில்லை. தொலைபேசியை எடுப்பதற்குக்கூட ஆளில்லாமல் ஆகஸ்ட் மாதம் முழுவதும் அவன் மணியடித்துக்கொண்டிருப்பான். பிறகு மார்ச் மாதம் தேசியப் போட்டிக்கான தேர்வுக் குழு கூடும். "முதல் வருணத்து வெற்றி உன்னிடம் இல்லையே அப்பா, ஏன் நீ பெரியவர்களோடு ஆடவில்லை?" என்று பரிவோடு கேட்கும். இந்தக் கேள்வியின் மென்மைக்கு நான் அடிமை.

இந்தப் பரிவை முழுமையாக அனுபவித்தது 2024-இன் இண்டியானா ஸ்டேட். 28 வெற்றி, 6 தோல்வி. நெட் தரவரிசையில் முதல் 30-க்குள் இடம். சொந்த கான்ஃபரன்ஸின் லீக் சாம்பியன். கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் டிரேக் என்ற அணியிடம் 4 புள்ளியில் தோற்றார்கள். 68 அணிகள் ஆடிய தேசியப் போட்டியில் அவர்களுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு எஸ்.இ.சி. என்ற ஒரே கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14-க்கு இடம் கிடைத்தது. கான்ஃபரன்ஸுக்குள் அவர்கள் ஒருவரையொருவர் தோற்கடித்தால் அதுவே இருவருக்கும் பெருமை: வென்றவன் பெரியவனை வென்றான், தோற்றவன் பெரியவனிடம் தோற்றான். ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி மாலை போட்டுக்கொள்ளும் இந்தக் குடும்பப் பாசத்தைப் பார்த்து ஊரார் ஏன் வயிறெரிய வேண்டும்?

இப்படி ஒதுக்கப்பட்ட நடுத்தட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் ஆடித் தங்கள் திறமையை நிரூபித்துக்கொள்ளலாமே என்று விவரமில்லாதவர்கள் கேட்பார்கள். அப்படியொரு விபரீதம் நடக்கத்தான் செய்தது. 2003-லிருந்து பிப்ரவரி மாதத்தில் நல்ல மிட்-மேஜர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு பிராக்கெட்பஸ்டர்ஸ் என்ற பெயரில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி நடத்தியது. நல்லவேளையாக 2013-இல் அதை மூடிவிட்டார்கள். இன்று நல்ல மிட்-மேஜர் ஒன்று இன்னொரு நல்ல மிட்-மேஜரின் எண்ணைப் பார்த்தால் எடுப்பதற்கு மிகவும் யோசிக்கிறது. பெரியவர்கள் தங்களை நடத்துவது போலவே தங்களில் ஒருவரையும் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். சீடர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வழிதவறிய ஆடுகளும் உண்டு. ஸ்போகேன் நகரத்து கொன்சாகா கல்லூரி, சிறிய கான்ஃபரன்ஸ் ஒன்றில் இருந்துகொண்டு, நவம்பர் டிசம்பரில் நாட்டின் பலசாலிகளாகப் பார்த்துத் தேடிப்போய் மோதும் கெட்ட பழக்கத்தை வளர்த்துக்கொண்டது. எந்த ஊரானாலும் சரி, பொதுக்களமானாலும் சரி, விமானம் ஏறிவிடுவார்கள். எத்தனை தேவையற்ற தோல்விகள்! எத்தனை கீறல்கள்! 2017-இலும் 2021-இலும் தேசிய இறுதியாட்டம் வரைக்கும் போய் அங்கேயும் தோற்றுத் தொலைத்தார்கள். டிசம்பரிலேயே அடங்கி ஒடுங்கியிருந்தால் ஏப்ரல் மாதத்தில் நாடே பார்க்கத் தோற்கும் அவமானம் நேர்ந்திருக்குமா?

இது நம் முன்னோர் அறியாததல்ல. அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையைக் கண்டு மெய்மறந்தது புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானின் வேல்கள் மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மாளிகையில் புத்தம்புதிதாக மின்னின. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடந்தன. பேணத் தெரிந்தவன் யார், பேணத் தெரியாதவன் யார் என்று ஔவை மூதாட்டி தெளிவாகக் காட்டிவிட்டார். அந்த உரையைக் கேட்டுத் தொண்டைமான் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்! அமெரிக்க அட்டவணைப் பெருந்தகையார் ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் அவரையும் அதே வார்த்தைகளால் வரவேற்க வேண்டுமென்பது என் ஆசை.

வந்தால் அவர் எங்களிடம் கற்றுக்கொள்ளவும் ஒன்றிரண்டு இருக்கிறது என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து ஊர்க்காரனோடு ஆடாமல் தப்பிக்க அவர்கள் ஒப்பந்தம், முறிவுத் தொகை, தரவரிசை என்று எவ்வளவு பாடுபடுகிறார்கள்! நாங்கள் அதை நிர்வாக அமைப்பிலேயே முடித்துவிட்டோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் வரை சுமார் 25 கிலோமீட்டர் சாலை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதே ஊரில் 2013-இல் தொடங்கிய ராம்கோ பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், 2006-லிருந்து தானே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒன்று காமராசர் பல்கலைக்கழக இன்டர்-காலேஜுக்குப் போகும். இன்னொன்று அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்குப் போகும். மூன்றாவது நேரே தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். டவுன் பஸ்ஸில் போய் ஆடிவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய மூன்று அணிகள், யாராவது அழைப்புப் போட்டி வைத்தாலொழிய, ஒன்றையொன்று சந்திக்க அட்டவணையில் வழியே இல்லை. இதில் எந்தக் கல்லூரியின் சாமர்த்தியமும் இல்லை. எல்லாம் அமைப்பின் அருள்.

"சார், கிருஷ்ணன்கோவில் பசங்களோட நாம ஏன் சார் ஆடறதே இல்ல?" என்று ஒரு பையன் கேட்பான்.

"அவங்க வேற யுனிவர்சிட்டிடா தம்பி. போ, போய் ஃப்ரீ த்ரோ போடு" என்பார் பி.டி. சார். பையனும் போய்ப் போடுவான். இந்த ஃப்ரீ த்ரோக்களுக்கு எதிராளி இல்லையென்பதால் இவற்றைத் தடுப்பாரும் இல்லை.

எங்கள் பருவத்தின் சுருக்கத்தையும் அமெரிக்கர்கள் வியக்க வேண்டும். அவர்களுக்கு நவம்பர் தொடங்கி மார்ச் வரை முப்பது ஆட்டம்; உடம்பு என்னத்துக்காகும்? எங்கள் பல்கலைக்கழகப் போட்டி முதலில் நாக்அவுட். வருடம் பூராவும் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் ரயிலேறிப் போய், குலுக்கலில் யார் வந்தாரோ அவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடி, தோற்றால் அன்றைக்கே ஊருக்குத் திரும்பிப் பரீட்சைக்குப் படிக்கலாம். கல்வியும் விளையாட்டும் இவ்வளவு இணக்கமாக வேறெங்கே இருக்கிறது? மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்கு வருகிறவர்கள்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டும்.

அழைப்புப் போட்டி நடத்துவோர் சிலர் இந்தக் கலையில் அமெரிக்காவையே விஞ்சக்கூடியவர்கள். நடத்துகிற அணிக்கு முதல் சுற்றில் 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. குலுக்கல் சீட்டுகள் என்ன மாயத்தாலோ பலசாலிகள் அத்தனை பேரையும் எதிர்ப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக் களைத்து இறுதியாட்டத்துக்கு வருவார்கள். ராத்திரி பஸ் பிடித்து விடிய விடிய உட்கார்ந்து வந்த வெளியூர் அணிக்குக் காலை ஏழு மணி ஆட்டம். உள்ளூர் அணிக்குச் சாயங்காலம், லைட் போட்ட பிறகு, சிறப்பு விருந்தினர் கைகுலுக்கியதும். தோற்றுப்போன அணிக்குப் போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பெட்டி. கென்டக்கிக்காரர்கள் தொண்ணூறாயிரம் டாலர் செலவழித்துச் சாதிப்பதை நாம் அரைக்கிலோ பால்கோவாவில் முடித்துவிடுகிறோம். சிக்கனம் என்றால் இது சிக்கனம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதன்மேல் எனக்குத் தீராத பக்தி: வாக்ஓவர். எதிரணி குறித்த நேரம் கழிந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேரைக் களத்தில் நிறுத்தாவிட்டால், சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கமான ஃபிபாவின் விதிப்படி வெற்றி உங்களுக்கு; ஸ்கோர் ஷீட்டில் 20-0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாதக் கணக்கில் தொலைபேசியில் பேரம் பேசி, காசோலை எழுதி, 300-ஆம் இடத்து அணியை வரவழைத்து, அவனும் திடீரென்று நன்றிகெட்டு ஆடிவிடுவானோ என்று நாற்பது நிமிடம் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் அமெரிக்கப் பெருந்தகைகளை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. வரவே வராத எதிரியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் இன்னும் பழகவில்லை. அடுத்த நவம்பருக்குள் யாராவது ஒருவர் இங்கே வந்து பார்க்கட்டும். ராஜபாளையம் ரயில் நிலையத்தில் இறங்கினால் நானே போய் அழைத்து வருவேன். பந்தை யாரும் தொடாமல், வலை அசையாமல், அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, பத்துக் கூடைகளுக்குச் சமமான 20 புள்ளிகள் விழுவதைக் கண்குளிரக் காட்டி, வேண்டுமானால் அந்த ஸ்கோர் ஷீட்டில் ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தனுப்புகிறேன்.